அட்டை பிடித்தவர்

கொளஞ்சிநாதனின் குவார்ட்டர்ஸ் வாசலில் நாங்கள் வண்டியை நிறுத்தியபோது வெயில் இன்னும் தணியவில்லை. மனிதர் ரிட்டையர் ஆகிவிட்டார். சாவியை ஒப்படைப்பதற்கு முன்னால் வீட்டு வாசலில் குடும்பத்தோடு ஒரு போட்டோ வேண்டும் என்றார். எங்கள் ஊரில் இது ஒரு வழக்கம். மைன்ஸில் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. லாரியில் கட்டிலும் பீரோவும் ஏறிக்கொண்டிருக்கும்போதே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள்.

நான் சந்திரகலா. ஷரீப்பின் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படங்களைச் சரி செய்கிறவள். தினமும் குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வருகிறேன், சாயங்காலம் பஸ்ஸில் போகிறேன். வெளி வேலைக்கு நான் போவதில்லை. வெயிலில் நின்று காய எனக்கென்ன தலையெழுத்தா? ஆனால் அன்று ஷரீப் விடவில்லை.

"அக்கா, நீங்களும் வாங்கக்கா. தனியா போவ முடியல."

"ஏன்டா, பேய் புடிச்சிக்குமா?"

என்னை விடப் பத்து வயது சின்னவன். எப்போதும் என் வாய்க்கு ஈடுகொடுத்துப் பேசுகிறவன், அன்று பதில் சொல்லாமல் கேமரா பையை எடுத்துக்கொண்டு நடந்தான். சரி, பெண்டாட்டி பாயிஜாவோடு ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

வாசல் முழுக்க மாமர நிழல். படிக்கட்டில் நின்ற குடும்பத்தின் முகமெல்லாம் இருட்டு; வீட்டுக்கு மேலே வானம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. இந்த மாதிரி இடத்தில் எந்தக் கேமராவும் திணறும். ஷரீப் ஒரு படம் எடுத்தான். பின்பக்கத் திரையைப் பார்த்தான். பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான்.

எட்டிப் பார்த்தேன். திரையில் ஹிஸ்டோகிராம் தெரிந்தது. எங்கள் ஸ்டுடியோ பாஷையில் அதற்கு 'மலை' என்று பெயர். படத்தில் எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்று காட்டும் கிராஃப் அது. இருட்டெல்லாம் இடது பக்கம் குவியும், வெளிச்சமெல்லாம் வலது பக்கம் குவியும். இடது சுவரில் போய் முட்டினால் முகம் கரி. வலது சுவரில் முட்டினால் சட்டை வெளுத்துப் போகும். இரண்டிலும் முட்டாமல் நடுவில் ஒரு மலை மாதிரி உட்கார்ந்தால் படம் சரி. "வெயில்ல திரை பொய் சொல்லும்கா, மலை பொய் சொல்லாது" என்பது ஷரீப்பின் வேதவாக்கு. மைன்ஸுக்குப் போய் வருகிறவனுக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். அங்கே கீழே கறுப்பு நிலக்கரி, மேலே வெள்ளை வானம். அசந்தால் இரண்டு சுவரிலும் முட்டிக்கொள்ளும்.

இந்த மாமர நிழலில் மலை இடது சுவரோடு சுவராக ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் அழகாக நடுவில் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு முகத்திலும் இதமான வெளிச்சம்.

"அடேங்கப்பா! ஃபிளாஷ் இல்லாம, ஒண்ணும் இல்லாம எப்படிடா எடுத்த? கைய குடு" என்றேன்.

அவன் கை சில்லென்று இருந்தது. வேர்வையில் நனைந்திருந்தது.

கொளஞ்சிநாதனின் மனைவி காந்திமதி டீ கொண்டுவந்தார். எனக்கு ஒன்று, ஷரீப்புக்கு ஒன்று. தட்டில் இன்னும் ஒரு டம்ளர் மிச்சம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கேட் பக்கம் பார்த்தார்.

"உங்க ஆளு எங்க போனாரு?"

"எந்த ஆளும்மா?"

"அதாங்க, வெள்ளை அட்டையைத் தூக்கிப் புடிச்சிக்கினு நின்னாரே. போட்டோ எடுக்குற வரைக்கும் வெயில்லயே நின்னாரு, பாவம். அவரைக் கூப்புடுங்க, ஒரு வாய் டீ குடிக்கட்டும்."

திரும்பிப் பார்த்தோம். கேட் திறந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் ரோடு, எங்கள் வண்டி, மதிய வெயில்.

யாரும் இல்லை.

"எங்ககூட யாரும் வரலைம்மா" என்றேன்.

"என்னங்க சொல்றீங்க? எனக்கு அந்த அட்டை வெளிச்சத்துல கண்ணே கூசுச்சு" என்று காந்திமதி சிரித்தார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

ஷரீப் டீயைத் தொடவே இல்லை. வண்டியில் திரும்பி வரும்போது ஒரு வாசனை அடித்தது. தண்ணீர் தெளித்த நிலக்கரிப் புழுதியின் வாசனை. இந்த ஊர்க்காரர்களுக்கு அது புதிதில்லை. ஆனால் மைன்ஸ் பக்கம் போகாமலே அது எங்கள் கூடவே வந்துகொண்டிருந்தது. என் முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒன்று 'கீச்... கீச்...' என்று உரசியது. புது டி.வி. பெட்டியைப் பிரிக்கும்போது தெர்மோகோல் உரசிக் கேட்குமே, பல் கூசுகிற அந்தச் சத்தம்.

பின்னால் கேமரா பை மட்டும்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். நான் ஒரு படத்தை முடிக்கும்போது கடைசியாகத் தொடுவது கண்களைத்தான். கண்ணின் கருவிழியில் எந்த வெளிச்சம் அடித்திருக்கிறதோ அது ஒரு புள்ளியாகத் தெரியும். ஜன்னல் இருந்தால் ஜன்னல், டியூப்லைட் இருந்தால் கோடு. பார்க்க அசிங்கமாக இருக்கும். அதை அழித்துவிட்டு வட்டமாக ஒரு வெள்ளைப் பொட்டு வைத்துவிடுவேன். முகத்துக்கு உயிர் வந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனை கண்கள்! என்ன அழிக்கிறோம் என்று நான் பார்ப்பதுகூட இல்லை, கை தன் பாட்டுக்கு அழிக்கும்.

காந்திமதியின் கண்ணில் சதுரமாக ஒரு வெள்ளைக் கட்டம் இருந்தது. அழித்தேன். பொட்டு வைத்தேன். சேவ் செய்தேன்.

அடுத்தது கொளஞ்சிநாதன். அதே கட்டம். அழித்தேன். திரும்பிக் காந்திமதியைப் பார்த்தால், என் பொட்டைக் காணோம்.

கட்டம் மறுபடியும் அங்கே இருந்தது.

சேவ் ஆகவில்லை போலிருக்கிறது என்று கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டே மறுபடியும் அழித்தேன். மறுபடியும் வந்தது. கோபத்தில் அந்தக் கண்ணை இழுத்துப் பெரிதாக்கினேன், என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று.

வெள்ளை அட்டை. இரண்டு ஓரத்திலும் கறுப்பாகச் சின்னச் சின்னக் கோடுகள். இன்னும் பெரிதாக்கினேன்.

விரல்கள்.

அட்டைக்கு மேலே ஒரு மஞ்சள் ஹெல்மெட். ஹெல்மெட்டுக்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் புழுதி கலைந்தது போல் மங்கலாக இருந்தது.

என் கை சும்மா இருக்கவில்லை. சமீபத்தில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். கல்யாணப் பெண், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ. எல்லா மலைகளும் நடுவில். எல்லாக் கண்களிலும் அட்டை. நான் வைத்த பொட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை. பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தேன். மைன்ஸில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனிக்காகப் படம் எடுத்த நாள் வரைக்கும்தான் அட்டை இருந்தது. அதற்கு முந்தைய படங்களில் இல்லை.

அந்தப் படம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பாதுகாப்பு வாரத்துக்காகக் கம்பெனி ஆட்கள் வரிசையாக நின்று எடுத்துக்கொண்டது. ஓரத்தில் சூப்பர்வைசர் சசிகுமார் வாயெல்லாம் பல்லாக நின்றான். முடித்து, பிரேம் போட்டு, கம்பெனி ஆபீஸுக்கே அனுப்பியாகிவிட்டது. கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைத் தேடினால் அது மட்டும் இல்லை. யாரோ அழித்திருந்தார்கள். சின்ன அளவில் ஒரு பிரதி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது, அதில் கண்ணெல்லாம் வெறும் புள்ளி.

அந்தப் படம் எடுத்த அதே நாளில்தான் மைன்ஸில் ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி மேலேயிருந்து சரிந்து விழுந்து செத்துப்போனார். குழந்தைவேல். புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்கிற வேலை. குடித்துவிட்டு வேலைக்கு வந்தார், போகக் கூடாத இடத்துக்குத் தள்ளாடிக்கொண்டு போனார் என்று ஊரெல்லாம் பேச்சு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் நானும்தான் சொன்னேன்: "ஷிஃப்ட்டுக்குக் குடிச்சிட்டு வந்தா வேற என்ன ஆவும்?" நாக்கு கூசாமல் சொன்னேன்.

அவர் மனைவி செந்தாமரை ஸ்டுடியோவுக்கு வந்திருந்தாள். அவருடைய கேட் பாஸைக் கொடுத்து, அதில் இருக்கிற படத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னாள். வேறு படமே இல்லையாம். போகும்போது ஷரீப்பைப் பார்த்துக் கேட்டாள்: "தம்பி, நீயும் அன்னிக்கு மைன்ஸ்லதான் இருந்தியாம். எங்கூட்டுக்காரரு ஒரு சொட்டு தொட மாட்டாரு. அவரு ஏன் அங்க போனாரு? நீ எதுனா பாத்தியா?" ஷரீப் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டான். துக்க வீட்டுக்காரியிடம் முகம் கொடுத்துப் பேசத் தெரியாத பயல் என்று அன்றைக்கு நினைத்தேன்.

"ஷரீப்பு, இங்க வாடா" என்று கூப்பிட்டேன்.

வந்தான். திரையில் காந்திமதியின் கண் முழுதாக நிறைந்திருந்தது. பார்த்தான். ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்தான்.

"அந்த ஃபைல அழிச்சது நீயா?"

தலையாட்டினான்.

"யாருடா இது?"

"தெரிஞ்சிக்கினே கேக்குறீங்களேக்கா."

பிறகு சொன்னான். அவன் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

நிலக்கரி வெட்டுகிற பெரிய மெஷினுக்கு முன்னால் ஆட்களை நிறுத்தியிருக்கிறான். சூரியன் மெஷினுக்குப் பின்னால். மெஷின் நிழல் எல்லார் மேலும் விழுந்து முகமெல்லாம் கரி. மலை இடது சுவரில். ஃபிளாஷ் அடிக்க முடியாது. பாதுகாப்பு ஜாக்கெட்டில் இருக்கிற மின்னும் பட்டையெல்லாம் பளீரென்று எரிந்து படம் கெட்டுப்போகும். அதனால் மைன்ஸ் வேலைக்கு அவன் எப்போதும் தெர்மோகோல் அட்டைதான் கொண்டுபோவான். வெயிலை அட்டையில் வாங்கி முகத்தில் திருப்பிவிட வேண்டும். அட்டையைப் பிடிக்க யாராவது கிடைப்பார்கள். அன்று கிடைத்தவர் குழந்தைவேல்.

"அவரு எனக்குப் பக்கத்துலதான் நின்னாருக்கா. அங்க வெயிலே இல்ல, எல்லாம் மெஷின் நிழலு. எனக்குப் பின்னாடி பள்ளத்து ஓரத்துலதான் வெயில் இருந்துச்சு. கொஞ்சம் பின்னாடி போங்கண்ணேன்னேன். போனாரு. ஒரு படம் எடுத்தேன், மலை கொஞ்சம் நகந்துச்சு. இன்னும் கொஞ்சம் பின்னாடின்னேன். நா அவரைப் பாக்கவே இல்லக்கா. மலையத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

"அப்புறம்?"

"மலை நடுவுல வந்து உக்காந்துச்சு. 'அங்கயே நில்லுங்கண்ணே, நா சொல்ற வரைக்கும் அசையாதீங்க'ன்னேன். எடுத்தேன். சூப்பரா வந்துச்சு. எல்லாருக்கும் காட்டுனேன், ஆளாளுக்கு முதுகுல தட்டுனாங்க. அப்படியே பேசிக்கினே ஜீப்புல ஏறிட்டோம்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சொல்லவே இல்லக்கா. போதும்னு அவருகிட்ட நா சொல்லவே இல்ல. ஜீப்பு மேட்டுல ஏறும்போது ஞாபகம் வந்துச்சு. அவரே வந்துடுவாருன்னு விட்டுட்டேன். அவரு வரல. நா சொல்லுவேன்னு நின்னுக்கினே இருந்திருக்காரு. ஓரம் சரிஞ்சிடுச்சு."

பிரேம் போட்டு அனுப்பிய மறுநாளே சசிகுமார் வந்தானாம். மெமரி கார்டை வாங்கிக்கொண்டானாம். "அட்டையும் கெடையாது ஒண்ணும் கெடையாது. அவன் குடிச்சிருந்தான். நீ வாயத் தொறந்தா மொதல்ல உள்ள போவப்போறது நீதான்" என்றானாம். அன்றைக்கே இவன் கம்ப்யூட்டரிலும் அழித்துவிட்டான்.

எனக்கு ஆத்திரம் வந்தது. பாவி, செத்த மனுஷனைக் குடிகாரன் என்று ஊர் சொல்லும்போது கேட்டுக்கொண்டு எப்படியடா சோறு இறங்கியது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் என் கை எனக்கு ஞாபகம் வந்தது. அந்தப் படத்தின் கண்களை முடித்தது நான்தான். அந்த ஒவ்வொரு கண்ணிலும் குழந்தைவேல் அட்டையோடு நின்றிருப்பார். ஒவ்வொரு கண்ணிலிருந்தும் அவரை அழித்துவிட்டுப் பொட்டு வைத்தவள் நான். இவனாவது தெரிந்து அழித்தான். நான் பார்க்காமலே அழித்திருக்கிறேன்.

ஸ்டுடியோவுக்குள்ளே, வெள்ளைத் துணி தொங்குகிற மூலையில், மெல்லச் சத்தம் வந்தது.

கீச்.

பாரத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிப் பிடிப்பது போல.

"தினமும் கேக்குதுக்கா" என்றான் ஷரீப். "கை வலிக்குது போல அவருக்கு."

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. செந்தாமரை கேட்ட பெரிய படம் பிரிண்ட் ஆகித் தயாராக இருந்தது. அதை எடுத்துக்கொண்டேன். "கெளம்பு. அவகிட்ட நீயே சொல்ற. இல்லன்னா நா சொல்லுவேன்" என்றேன்.

"கேஸ் ஆயிடும்கா. பாயிஜா..."

"ஆவட்டும்."

கேமரா பையையும் தோளில் மாட்டிக்கொண்டுதான் வந்தான். அது இல்லாமல் அவனுக்கு நடக்கவே வராது. செந்தாமரையின் வீடு டவுன்ஷிப்புக்கு வெளியே, குறிஞ்சிப்பாடி ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில் இருந்தது. ஷீட் போட்ட ஒரே அறை. மதியம் கடந்திருந்தது. அவள் வெளியே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். படத்தை வாங்கி முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஷரீப் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை, அதற்கு மட்டும் நான் சாட்சி. ஜீப் மேடேறும்போது ஞாபகம் வந்ததையும் சொன்னான்.

செந்தாமரை அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் சாம்பலும் தண்ணீருமாக இருந்த கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவரு அப்படித்தான். ஒரு எடத்துல நில்லுன்னா நிப்பாரு. ஒரு தபா ஆசுபத்திரி வாசல்ல நிக்கச் சொல்லிட்டு நா பின்பக்கமா வூட்டுக்கு வந்துட்டேன். ராத்திரி வரைக்கும் அங்கயே நின்னுக்கினு இருந்தாரு." அவள் நிமிர்ந்தாள். "குடிகாரன்னு சொன்னாங்களேடா தம்பி. எங்க நாத்தனாரு என் மூஞ்சியப் பாத்தே சொன்னா. நீ தெரிஞ்சிக்கினே சும்மா இருந்தியே."

நான் மற்றதையும் சொன்னேன். கண்களில் அட்டை தெரிவதை, டீ டம்ளரை, சத்தத்தை. பைத்தியக்காரி என்று நினைத்தால் நினைக்கட்டும்.

அவள் எழுந்தாள். கையைக் கழுவினாள். கதவு நிலையில் போய் நின்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"என்னிய ஒரு போட்டோ எடு."

"அக்கா..." என்றான் ஷரீப்.

"எடுறா. அவரு நிப்பாரு இல்ல?"

அவன் கேமராவைத் தூக்கினான். அறைக்குள் இருட்டு, வெளியே ஷீட் கூரையின் நிழல். அவன் பட்டனை அழுத்தும்போது செந்தாமரை எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால், பக்கவாட்டில் பார்த்தாள். அவள் முகத்தில் மெதுவாக வெளிச்சம் ஏறியது. நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன்.

நாங்கள் திரும்பவில்லை. தைரியம் இல்லை.

திரையில் மலை நடுவில் உட்கார்ந்திருந்தது. கண்ணைப் பெரிதாக்கி அவளிடம் நீட்டினான். வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அழுகை அப்போதுதான் வந்தது.

"அவரு கை பாரு, எப்படி நடுங்குது" என்றாள்.

"அவருகிட்ட ஒரு வார்த்தை, 'போதும்'னு சொல்லிடுங்கக்கா" என்று ஷரீப் கெஞ்சினான். "நா எத்தினியோ தபா சொல்லிட்டேன். நா சொன்னா கேக்க மாட்டேங்குறாரு."

செந்தாமரை கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மாட்டேன். நீ போயி ஸ்டேஷன்ல சொல்லு. எம்புருஷன் குடிக்கலன்னு ஊரு சொல்லட்டும். அது வரைக்கும் அவரு நிக்கட்டும். நின்னு பழக்கம்தான்."

ஷரீப் போய்ச் சொன்னான். எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டான். இதை நான் அவனுக்காகச் சொல்கிறேன், வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். விசாரணை வந்தது. சசிகுமார் ஒரே பிடியாக நின்றான்: அட்டையே கிடையாது, இந்தப் பையன் பயத்தில் உளறுகிறான். அன்று கூட நின்ற மற்றவர்களும் வாயைத் திறக்கவில்லை. மிஞ்சியிருந்தது ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த அந்தப் பெரிய படம் ஒன்றுதான்.

விசாரணை அதிகாரி அதைக் கழற்றிக்கொண்டு சசிகுமாரையும் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தார். "இது நீங்க முடிச்ச படம்தானம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

"நான்தான் சார். ஆனா அதுல ஒண்ணும் தெரியாது. கண்ணையெல்லாம் நானே அழிச்சிட்டேன்" என்றேன். சொல்லும்போது எனக்கு அவமானமாக இருந்தது.

"நாந்தான் சொன்னேனே சார்" என்றான் சசிகுமார்.

அவன் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியதோ, பிரேமைப் பிரித்துப் படத்தை ஸ்கேனரில் வைத்தேன். திரையில் பெரிதாக்கினேன்.

என் பொட்டு ஒன்றுகூட இல்லை.

அச்சடித்து, கண்ணாடி போட்டு, சுவரில் தொங்கிய படம் அது. முதல் ஆளின் கண்ணில் வெள்ளை அட்டை நேராக நின்றது, விரல்களோடு, ஹெல்மெட்டோடு. அடுத்தவர் கண்ணில் அட்டை கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதற்கு அடுத்தவர் கண்ணில் இன்னும் சாய்ந்து, கீழே மண் விரிந்திருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் நின்று எடுத்த ஒரே படம்.

கடைசியில் சசிகுமார்.

அதிகாரி என்னை விலக்கிவிட்டு மவுஸைத் தானே பிடித்தார். சசிகுமாரின் கண்ணில் அட்டை இல்லை. பள்ளத்தின் வெறும் ஓரம்.

ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு கைகள்.

ஸ்டுடியோவில் நிலக்கரிப் புழுதி வாசனை மூக்கை அடைத்தது. சசிகுமார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். "நா கடைசியாத்தான் ஜீப்புல ஏறுனேன்" என்றான். யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. "திரும்பிப் பாத்தேன் சார். கை மட்டும் தெரிஞ்சுது. வேகமா போயிருந்தா புடிச்சிருக்கலாம். போவல சார். அவன் குடிக்கல. நாந்தான் அப்படி சொன்னேன்." சொல்லிக்கொண்டே தன் கண்களைக் கையால் மூடிக்கொண்டான்.

இரண்டு நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது. பஸ்ஸில் அதே பக்கத்து சீட்டுக்காரியிடம் நானே சொன்னேன், குழந்தைவேல் குடிக்கிறவர் இல்லை, நான் சொன்னது தப்பு என்று. நாத்தனார் வந்து காலில் விழாத குறையாக அழுதுவிட்டுப் போனாள் என்று ஸ்டுடியோவுக்கு வந்த செந்தாமரை சொன்னாள்.

சொல்லிவிட்டு ஸ்டுடியோவின் உள்ளே நடந்தாள். வெள்ளைத் துணி தொங்குகிற மூலையைப் பார்த்து நின்றாள். பகல் வேளை, கதவு திறந்திருந்தது, தெருவில் ஆட்டோ சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"போதும்ங்க" என்றாள். "எறக்கி வெச்சிட்டு வூட்டுக்கு வாங்க."

ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை.

பிறகு கீச்சென்று ஒரு சத்தம், ஏதோ ஒன்று மெல்லத் தரையில் வைக்கப்படுவது போல. செந்தாமரை கதவைப் பார்த்து நடந்தாள். வாசலில் ஒரு கணம் ஒதுங்கி, யாருக்கோ வழிவிட்டுவிட்டுப் பிறகுதான் படியிறங்கினாள்.

அவள் போன பின் மூலையில் போய்ப் பார்த்தேன். தரையில் தெர்மோகோலின் சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகள் கிடந்தன. கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன்.

எனக்கு இருப்பு கொள்ளவில்லை. போய்விட்டாரா என்று பார்த்தே ஆக வேண்டும். "ஷரீப்பு, அந்தத் துணிக்கு முன்னாடி போய் நில்லு. லைட்டு எதுவும் போடாத, அசையாத" என்று சொல்லிக் கேமராவை நானே எடுத்தேன். அவன் போய் நின்றான். எடுத்தேன். படம் இருட்டாக வந்தது. முகமெல்லாம் கரி. மலை இடது சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது, பழைய மாதிரி, அசிங்கமாக. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு மோசமான ஒரு படத்தைப் பார்த்து யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

பழக்க தோஷம். கண்ணைப் பெரிதாக்கினேன்.

ஷரீப்பின் கண்ணில் வெள்ளைக் கட்டம் இருந்தது. அட்டை நேராக, அசையாமல் நின்றது. ஓரங்களில் விரல்களைத் தேடினேன். ஹெல்மெட்டைத் தேடினேன்.

பிடித்துக்கொண்டு யாரும் இல்லை.

"அக்கா" என்று துணிக்கு முன்னாலிருந்து ஷரீப் கூப்பிட்டான். "எடுத்தாச்சா? நா அசையலாமா?"